மலையாட்டுக்கு வாய்க்கரிசி

வாரத்துக்கு ஒரு நாள் செத்த மான்களின் கண்ணிமைகளில் தூசி துடைப்பது என் வேலைகளில் ஒன்று. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், பனிமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு வேட்டை விடுதியில் சமையல்காரியாக இருக்கிறேன். லாட்ஜ் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டாம். கூடத்துச் சுவர் முழுக்கக் கொம்பும் தலையுமாக இருக்கும். கண்கள் மட்டும்தான் கண்ணாடி, இமைமயிர் அசல். துணியால் துடைத்தால் உதிர்ந்துவிடும் என்று ஒரு மெல்லிய பிரஷ் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் ஒவ்வொரு தலையிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துடைத்தேன். இப்போது எந்தத் தலைக்கு இமைமயிர் உதிர ஆரம்பித்திருக்கிறது என்று பார்த்து முதலாளியிடம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். இதை வளர்ச்சி என்பதா, கெட்டுப்போனது என்பதா, தெரியவில்லை.

இந்த வேட்டை விவகாரமே எனக்கு ஆரம்பத்திலிருந்து குழப்பம். இந்த நாட்டு மண்ணிலேயே பிறந்து வளர்ந்த காட்டுவிலங்கு என்றால் வௌவால்தானாம். மானை இங்கிலாந்துக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். சாமுவா என்கிற ஒருவகை மலையாடு ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. பிடரி நிறைய மயிரோடு பாறைமேல் நிற்கும் டார் என்கிற இன்னொரு மலையாடு நம்முடைய இமயமலையிலிருந்து வந்தது. எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னால், சுட்டு விளையாடுவதற்காகவே வரவழைக்கப்பட்டவை. அவை பெருகி மலைச்செடிகளையெல்லாம் மேய்ந்துவிட, இப்போது அரசாங்கம் ஹெலிகாப்டரில் வந்து கும்பலாகச் சுடுகிறது. அதே ஆட்டைச் சுடுவதற்கு எங்கள் விருந்தினர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, ஒரு வாரம் கைடு பின்னால் மலையேறி, கொம்பைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஒரே ஆடுதான். ஹெலிகாப்டருக்கு அது தொல்லை, எங்கள் லாட்ஜுக்கு அது வெற்றிக்கோப்பை. போகட்டும், கொண்டுவந்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா என்றால் அதுவும் இல்லை.

எங்கள் கைடு மத்தியாஸும் வந்தேறிதான். ஆஸ்திரியாக்காரர், ஐம்பது வயது தாண்டியவர், சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. உங்கள் ஊரில் எதை வேட்டையாடுவார்கள் என்று ஒருமுறை கேட்டார். நான் குறும்பாக, எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்க வருகிற வெளியூர்க்காரர்களைத்தான் வேட்டையாடுவோம், கார் நின்றதுமே எங்கள் ஊர்க் கைடு ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொள்வார் என்றேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "அதற்குப் பருவம் உண்டா, இல்லை வருஷம் முழுவதுமா?" என்று கேட்டார். முகூர்த்த மாதங்களில் அதிகம் என்றேன். தலையாட்டிக்கொண்டார். இன்றுவரை எங்கள் ஊரைப் பற்றி அவர் என்ன நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நான் பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். சைவம் என்றால் முட்டை போட்ட கேக்குக்கே முகம் சுளிக்கிற சைவம். மான்கறி சமைக்கிறேன், ஆனால் நாக்கில் வைத்ததில்லை. மத்தியாஸ்தான் உப்புப் பார்த்துச் சொல்வார். என் கணவர் பால் லாரி ஓட்டுகிறார், அவரும் தொடமாட்டார். எங்கள் மகள் கயல் ஏழு வயதில் இங்கே வந்தாள், இப்போது பதினான்கு. அவளும் கறி சாப்பிடமாட்டாள். போன குளிர்காலத்தில் அவள் திடீரென்று, மத்தியாஸோடு மலைக்குப் போய் ஒரு டார் சுடப்போகிறேன் என்றாள். கைடு பக்கத்திலேயே இருந்தால் இங்கே அந்த வயதில் சுடலாம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் சுட்டவர்கள்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தின்பதற்காகக் கொன்றாலாவது ஒரு நியாயம் இருக்கிறது, நீ தின்னவும் மாட்டாய், பிறகு எதற்கு என்று கேட்டேன். "அதுங்க மேல இருக்கிற வெள்ளைப் பூ எல்லாத்தையும் தின்னுடுதுமா. நீ பார்த்ததே இல்ல, நான் பார்த்திருக்கேன்" என்றாள். பூவுக்காக ஆட்டைக் கொல்வதா? ஒரு உயிரை எடுத்த கை என்றைக்கும் எடுத்த கைதான், கழுவினால் போகாது என்று நான் கத்தினேன். ஏறிப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்பிவிடுவாள், விடு என்றார் கணவர். அவள் பயப்படவில்லை. சுட்டுவிட்டுத்தான் சாயங்காலம் இறங்கி வந்தாள், முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். நான்தான் தூங்கவில்லை.

இந்தக் கதை தை மாதம் காஞ்சிபுரத்தில் வந்து வெடித்தது. என் அக்கா மல்லிகாவின் ஒரே பிள்ளை தினேஷுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் அவன் தங்கை போட வேண்டும். தினேஷுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. தங்கை முறைக்குக் கயல்தான் இருக்கிறாள் என்பதால், அக்கா ஒரு வருஷம் முன்னாலேயே பேசி வைத்து, பள்ளி விடுமுறை பார்த்து நாள் குறித்து எங்களை வரவழைத்திருந்தாள். கயலுக்கும் ஆசைதான். காஞ்சிபுரத்தில் அவள் இல்லாமல் நடக்காது என்று ஒரு காரியம் இருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. விமானத்தில் என் துப்பட்டா முனையில் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகிக்கொண்டே வந்தாள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் வீடு நிறையப் புடவையும் பூவும் ஆட்களும். தினேஷ் கயலின் போனை வாங்கி நியூசிலாந்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படத்தில் நின்றுவிட்டான். பனியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டு கயல் இருக்கிறாள்.

"ஏய், இது நம்ம வரையாடுடி. தமிழ்நாட்டோட மாநில விலங்கு. சுட்டா உள்ள வெச்சிடுவாங்க" என்றான்.

"அது வேற, இது வேற அண்ணா. இது இமயமலை ஆடு. வரையாட்டுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்" என்றாள் கயல்.

போன் கைமாறி அக்கா வீட்டுக்காரரிடம் போனது. அவரை நான் மாமா என்பேன். காலையில் தறியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். சொந்தபந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை, யார் எந்தச் சடங்குக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அவர் கொம்பைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பெரிசாக்கினார்.

"வாயில இன்னாமா இருக்குது?"

புல் என்றாள் கயல். மத்தியாஸ் ஊர் வழக்கமாம் அது. சுட்டதும் பக்கத்தில் இருக்கும் செடியிலிருந்து ஒரு கொத்தைக் கையால் ஒடித்து மிருகத்தின் வாயில் வைக்க வேண்டும். அதன் கடைசி வாய் அது. வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும்.

"யார் வெச்சது?"

"நான்தான் பெரியப்பா."

மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார். "வாய்க்கரிசி போட்டிருக்குற. சொந்தக்காரங்கதானமா போடுவாங்க. உனக்கு அது இன்னா முறை ஆவுது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வந்தவரை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். செடி, பூ, ஹெலிகாப்டர் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற என் பெண் போனை வாங்கி, தானும் அந்த வாயைப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "உயிரை எடுத்த கையால எம்மருமவ கழுத்துல முடிச்சு போடச் சொல்றியா? நீயே சொல்லுடி. பக்கத்து வீட்டுப் பொண்ணை வெச்சிப் போட்டுக்கறேன், உம்பொண்ணு சும்மா நிக்கட்டும்" என்றாள். நான் ஆறு மாதம் முன்னால் கத்திய அதே வார்த்தை. ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் என் வாயிலிருந்து மத்தியாஸ் பேசினார். அங்கே அது பெருகிப் போச்சுக்கா, மலையே மொட்டையாகிறது, அரசாங்கமே சுடுது, ஒரே குண்டில் வலிக்காமல் செத்தது என்றேன். அதோடு நின்றேனா? இந்த வீட்டில் நாலு தலைமுறையாக நெய்கிற பட்டுக்குப் புழுவை வெந்நீரில் போடவில்லையா என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதை நானா போட்டேன்? நூலாத்தானே வருது" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெருகிப் போச்சுன்னா சுட்டுடுவாங்களா? வெளியூர்லேர்ந்து வந்ததுன்னா சுட்டுடுவாங்களா? அந்த ஊர்ல நீங்க யாருடி?"

அங்கே இருந்தால் இந்த ஊர்க்காரியாகப் பேசுகிறேன், இங்கே வந்தால் அந்த ஊர்க்காரியாகப் பேசுகிறேன். எனக்கென்று ஒரு பேச்சு எங்கே போனது? வாசற்படியில் கயல் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நான் போடல பெரியம்மா, பரவால்ல" என்று தமிழிலேயே சொன்னாள். ஒரு வருஷமாக அவள் காத்திருந்த ஒன்று, அதைத் தானே எடுத்துக் கொடுக்கிறாள்.

அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். அவர் இவ்வளவு நேரமும் முறையைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். "அது செத்தது எந்த மாசம்மா?" என்று கேட்டார். அங்கே குளிர்காலம் என்றேன், நம் கணக்குக்கு ஆனி. "வாய்க்கரிசி போட்டுட்டா உறவுதான். உறவுன்னா தீட்டு. ஆனிலேர்ந்து தைக்கு எல்லாத் தீட்டும் போயாச்சு. காலையில தலைக்கு ஊத்திக்கினு அவளே முடிச்சு போடட்டும்" என்றார்.

"கொன்னவளே வாய்க்கரிசி போடுவாளா? அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றாள் அக்கா.

"அது தெரியல. ஆனா போட்டிருக்குறாளே" என்றார் மாமா. அவரும் குழம்பித்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனாள்.

விடிகாலையில் சீயக்காய் போட்டுக் கயலுக்குத் தலைக்கு ஊற்றினேன். "இது கல்யாணக் குளியலாமா, இல்ல அந்த ஆட்டுக்கா?" என்று கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். வேறென்ன சொல்ல? மேடையில் கெட்டிமேளம் கொட்ட, தினேஷ் ஒரு முடிச்சுப் போட்டான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "கெட்டியா போடு, அவுந்துடக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். கயல் இரண்டு முடிச்சுப் போட்டாள். இழுத்து இறுக்கினாள். பாவாடை தாவணியில் அவளைப் பார்த்து நான் அழுதேன். விமானம் ஏறும்வரை அக்கா அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் நின்றது.

கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம். இங்கே ஆண்மான்கள் இணை தேடி இரவும் பகலும் உறுமுகிற பருவம், லாட்ஜ் நிரம்பி வழிகிறது. ஒரு மத்தியானம் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது அக்காவின் வீடியோ கால். அங்கே காலை. மருமகளுக்குத் தாலி பிரித்துக் கோர்க்கிறார்கள். புதுக் கயிறு ஏறிவிட்டது, பழைய மஞ்சள் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. அக்கா முயன்று, சம்பந்தியம்மா முயன்று, கடைசியில் மாமா முயன்றிருக்கிறார். அறுந்த பட்டிழையை இருட்டில் முடிகிற விரல் அவருடையது. அதற்கும் அசையவில்லை. தாலிக்கயிற்றில் கத்தி வைக்கக் கூடாது. "இன்னா முடிச்சுடி போட்டா உம்பொண்ணு?" என்றாள் அக்கா.

போனை எடுத்துக்கொண்டு பின்கொட்டகைக்கு ஓடினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த கயல் அங்கே மத்தியாஸுக்கு உதவியாக, அன்று காலை சுட்ட மானின் தலையை உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை ரத்தம். போனை மறைப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். நான் பதறிப்போய், கையைக் கழுவிவிட்டு வருவாள், ஒரு நிமிஷம் இருக்கா என்றேன்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும்டி, அப்படியே சொல்லச் சொல்லு. நல்ல நேரம் போவுது" என்றாள்.

கயலுக்கு விஷயம் புரிந்ததும் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. "கெட்டியா போடச் சொன்னீங்கல்ல பெரியம்மா? எனக்குத் தெரிஞ்ச கெட்டி முடிச்சு இதுதான்" என்று உத்தரத்துக் கயிற்றைக் காட்டினாள். இழுத்தால் இறுகும், எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் விடும். மெல்ல, ஒவ்வொரு விரலாகச் செய்து காட்டினாள். போனுக்குள் மஞ்சள் பூசிய அக்காவின் விரல்கள் அதையே திருப்பிச் செய்தன. நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தள்ளுங்க பெரியம்மா, இன்னும் கொஞ்சம்" என்றாள் கயல். அங்கே கயிறு நெகிழ்ந்து மருமகளின் மடியில் விழுந்தது. இங்கேயும் அவிழ்ந்துவிட, மான் தலை சரிந்து வந்தது. கயல் அதைக் கீழே விழவிடாமல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "வந்துச்சா பெரியம்மா, வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.