மெட்டுகூடாவில் ஒரு ஜெர்ரி கேன்

கோயம்புத்தூரில் மாலை ஏறினால் மறுநாள் மதியம் செகந்திராபாத். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இத்தனை தூரமும் ஒரு மூடிக்காகப் போகிறேன் என்று எதிர் இருக்கைக்காரரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.

"பாட்டில் மூடிங்களா?" என்று கேட்டார்.

"பழைய பெட்ரோல் கேன் மூடிங்க. ராணுவத்தில் இருந்தது."

என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மேல் படுக்கைக்கு ஏறிப் போர்வையை இழுத்துக்கொண்டார். அப்போது ஈரோடுகூட வரவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. தொழில் என்று பார்த்தால் நான் பம்ப்செட் உதிரிபாகம் விற்கிறவன். பைத்தியம் என்று பார்த்தால் ராணுவ எரிபொருள் கேன்கள். மொட்டைமாடிக் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் அசல் ஜெர்மன். 1941 என்று முத்திரை. அதற்கு மூடி இல்லை. ஒன்பது வருடமாக வாயைத் திறந்தபடி நிற்கிறது. பல்லி குடியேறாமல் இருக்க என் மனைவி அதில் பழைய துணியை அடைத்து வைத்திருக்கிறாள்.

ஜெர்ரி என்பது இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஜெர்மன்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இவர்களுடைய மெல்லிய தகர டின்கள் ஒழுகிக்கொண்டே இருந்தபோது, எதிரியிடம் சொட்டுகூடச் சிந்தாத இருபது லிட்டர் கேன் இருந்தது. கண்ட இடத்திலெல்லாம் பொறுக்கிக்கொண்டார்கள். பிறகு அதைப் பார்த்து அப்படியே தாங்களும் செய்துகொண்டார்கள். அதன் மேல் மூன்று கைப்பிடிகள் உண்டு. காலியாக இருந்தால் ஒருவரே ஒரு கையில் இரண்டு கேன்களைச் சேர்த்துத் தூக்கலாம். நிறைந்திருந்தால் ஓரத்துக் கைப்பிடிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவர் தூக்கலாம். எனக்கு அந்த மூன்றாவது கைப்பிடியின் மேல்தான் முதலில் காதல் வந்தது. சண்டைக்கென்று செய்த பொருளில் இன்னொருவர் கைக்கும் இடம் விட்டிருக்கிறார்களே என்று தோன்றியது.

புதன்கிழமை காலை கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காடு. வெள்ளை வெள்ளையாகக் காய் வெடித்திருந்தது. தூக்கம் முழுதும் கலையாத கண்ணுக்கு அது தரையில் இறங்கிய மேகமாகவே தெரிந்தது. மதியம் செகந்திராபாத்தில் இறங்கினேன். நிலையத்தின் எதிரே ஒரு லாட்ஜில் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம் கட்டிலுக்கே வந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது.

வியாழன் விடியலில் ஜும்மேராத் பஜாருக்குப் போனேன். வியாழக்கிழமை மட்டும் கூடும் பழம்பொருள் சந்தை. ஆட்டோவுக்கு இருநூற்று இருபது. சாலை முழுவதும் விரிப்புகள். விரிப்புகளின் மேல் ஊரின் பழைய வீடுகளெல்லாம் கவிழ்த்துக் கொட்டியதைப் போல விளக்குகள், பூட்டுகள், ஒற்றைச் செருப்புகள். முன்பனி இன்னும் விலகவில்லை. சாம்பிராணிப் புகை ஒரு பக்கம், இரானி டீ வாசனை ஒரு பக்கம். அதற்குள் நடக்க நடக்க நான் எதைத் தேடி வந்தேன் என்பதே அடிக்கடி மறந்துபோயிற்று.

ஒரு கேன் கண்ணில் பட்டது. கடைக்காரர் என் பார்வையைப் பிடித்துக்கொண்டார். "அஸ்லி ஜெர்மன் ஹை, பாய்!" அசல் ஜெர்மன் கேனாம், விலை மூவாயிரம்.

மூடியைப் பார்த்தேன். திருகு மூடி. அசல் ஜெர்மன் கேனில் நெம்புகோல் வைத்த மூடி இருக்கும். விரலால் அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். திருகு மூடி என்றால் அமெரிக்க வகை. அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அப்படியானால் அஸ்லி அமெரிக்கன், மூவாயிரத்து ஐந்நூறு என்றார். இருவருமே சிரித்துவிட்டோம். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

பிற்பகலில் மெட்டுகூடா, செகந்திராபாத்தில் ரயில்வேக்காரர்கள் வாழும் பகுதி. சேகரிப்பாளர்களுக்கான முகநூல் குழுவில் வினிதா என்ற பெண் எனக்கு எழுதியிருந்தாள். ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, அங்கேயே எட்டாவது மாடியில் ஃப்ளாட். அவளுடைய அப்பா ஆரோக்கியராஜ், ரயில்வே பெட்டிப் பட்டறையில் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் ஒரு பழைய கேன் இருக்கிறது, ஜெர்மன் கேன் என்று அப்பா சொல்கிறார், நேரில் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள்.

மெட்ரோ நிலையத்துக்கே காரில் வந்திருந்தாள். "அண்ணா, முன்னாடியே சொல்லிடறேன். இந்த மாசக் கடைசியில அப்பாவும் அம்மாவும் இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு என் ஃப்ளாட்டுக்கு வராங்க. அம்மா பாதிச் சாமானைப் பழைய இரும்பு எடுக்கிற கபாடிவாலாகிட்ட போட்டாச்சு. கேன் ஜெர்மன்னா கூடவே வரும். இல்லைன்னா அதுவும் கபாடிக்குத்தான். அப்பா ரெண்டு வாரமா சரியாத் தூங்கல."

வீட்டு முற்றத்தில் ஸ்டூலின் மேல் கேன் இருந்தது. பளபளவென்று இலைப்பச்சை நிறம். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

"ஹவ், வாங்க தம்பி, வாங்க" என்றார் ஆரோக்கியராஜ். அந்த ஊரில் ஹவ் என்றால் ஆமாம். ஒல்லியான மனிதர். சட்டைக் காலர் வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார், ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி. "பெயிண்ட் பாத்துப் பயப்படாதீங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான். ஆனா ஆயுத பூஜைன்னா பட்டறையில எல்லாரும் அவங்கவங்க சாமானுக்குப் பெயிண்ட் அடிப்போம். எங்கப்பா இந்தக் கேனுக்கு அடிப்பார். அப்புறம் நான். ஒரு வருஷமும் விட்டதில்ல."

"மீதம் விழற பெயிண்ட்டெல்லாம் இதுமேலதான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா, டீத் தட்டோடு வந்தார். "மூடிக்கு மட்டும் அடிக்க மாட்டாங்க. கழட்டி, எண்ணெய் போட்டு, துணியில சுத்தி வெச்சுட்டுத்தான் பிரஷ்ஷையே தொடுவார் என் மாமனார். நான் ஒரு தடவை மூடிக்கும் சேத்து அடிக்கப் போயி, வாங்கின திட்டு இருக்கே!"

பெயிண்ட் பட்டால் மூடி இறுகிவிடும், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டீயைக் குடித்தபடி என் வீட்டில் மூடியில்லாமல் நிற்கும் கேனைப் பற்றிச் சொன்னேன். துணி அடைத்த கதைக்கு ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு ஆரோக்கியராஜ் தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா பட்டாளத்தில் லாரி டிரைவர். பாலைவனத்தில், ஜெர்மன்காரன் விட்டுவிட்டு ஓடிய லாரியிலிருந்து இதை எடுத்தார். காலில் அடிபட்டு நாற்பத்திரண்டில் கப்பலில் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தார்.

"காலொடிஞ்ச மனுஷன் கப்பல்ல கேனைத் தூக்கிட்டு வந்தாராம்" என்றார் ஸ்டெல்லா. "என் மாமியார் என்கிட்ட சொன்னாங்க, கன்டோன்மென்ட் ஏலத்துல எடுத்ததுன்னு."

"எங்கப்பா பொய் சொல்லமாட்டார்" என்றார் ஆரோக்கியராஜ். என்னைப் பார்த்துச் சொன்னாரே தவிர, மனைவிக்குச் சொன்னதுதான் அது. "எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. பட்டறையில சிரிச்சாங்க, சொந்தக்காரங்க சிரிச்சாங்க. அவர் சாகிற வரைக்கும் இதையேதான் சொன்னார். நீங்க பாத்துச் சொல்லிடுங்க, போதும்."

முத்திரையைப் பார்க்கப் பெயிண்டை எடுத்தாக வேண்டும். அனுமதி கேட்டேன். தலையசைத்தார். பையிலிருந்து பெயிண்ட் ரிமூவரை எடுத்து, பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவிக் காத்திருந்தேன். பச்சை சுருங்கி எழுந்தது. அடியில் நீலம்.

"பெட்டிக்கெல்லாம் நீலம் அடிச்ச காலத்துப் பெயிண்ட் அது" என்றார் ஆரோக்கியராஜ். முன்னால் குனிந்துகொண்டார். நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம், பிறகு செங்காவி. "அதான் பழைய பெட்டிக் கலர். எனக்குக் கல்யாணம் ஆனபோது ரயில் அந்தக் கலர்லதான் இருந்துச்சு, இல்ல ஸ்டெல்லா?" ஸ்டெல்லாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் துடைக்கத் துடைக்க நிறங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த முற்றத்தில் மதிய வெயில் மெல்ல நகர்ந்தது. எங்கோ ஒரு ரயில் மிக மெதுவாகப் போனது. ரயிலெல்லாம் பின்னோக்கிப் போய், ஒவ்வொரு நிறமாக உடுத்திக்கொண்டு இந்தக் கேனுக்குள் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் எந்த முத்திரையும் வராமல் இருந்தால் நல்லது என்றுகூட ஆசைப்பட்டேன்.

வந்துவிட்டது. முதலில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. ஆங்கிலேய அரசின் சொத்து என்பதற்கான அடையாளம் அது. அதற்குக் கீழே வருடம்: 1944.

"என்ன தம்பி?"

சொன்னேன். இது ஜெர்மன் கேனைப் பார்த்து ஆங்கிலேயர் செய்த கேன். செய்த வருடம் நாற்பத்து நான்கு. அவருடைய அப்பா ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்து.

ஜெயித்துவிட்ட ஸ்டெல்லாவின் முகத்தில் ஜெயித்த களை இல்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வினிதா போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஆரோக்கியராஜ் காலர் பொத்தானைக் கழற்றினார். "ஹவ்" என்றார், மிக மெல்ல. "ஹவ். அப்ப ஏலத்துல எடுத்ததுதான்."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. கையை எதிலாவது வைக்க வேண்டும் என்பதற்காகக் கேனின் மூடியைத் திறந்து மூடினேன். டக். மறுபடி திறந்தேன். விரலில் பட்ட அழுத்தம் பழக்கமான ஆங்கிலேய மூடியின் அழுத்தமாக இல்லை. கீல் ஊசியை உருவி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். எண்ணெய் மினுங்கும் சுத்தமான இரும்பு. ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. உள்பக்கம் சின்னதாக ஒரு முத்திரை. கோயம்புத்தூரில் என் கேனின் வயிற்றில் இருக்கும் அதே முத்திரை. பக்கத்தில் 41.

ஒன்பது வருடமாகத் தேடியது என் உள்ளங்கையில் இருந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், "கேன் கபாடிக்குத்தானே போகுது, இந்த மூடியை மட்டும் நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் போதும். சரி என்றிருப்பார். ஒரு புது மூடியும் மாட்டிக் கொடுத்திருப்பேன். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவரோ, நான் துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் அந்தச் செங்காவி விளிம்பைத் தடவினார், பிசிறு சரிசெய்கிற பெயிண்டரின் விரல்.

"ஐயா, உங்கப்பா கேனைக் கொண்டுவரலைங்க. மூடியைக் கொண்டுவந்திருக்காருங்க" என்றேன்.

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேனின் உடம்பு ஏலத்தில் எடுத்தது. ஸ்டெல்லாவின் மாமியார் சொன்னது உண்மை. மூடி ஜெர்மனியில் செய்தது. காலொடிந்த சிப்பாயும் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடியது. ஆங்கிலேயர் அச்சு மாறாமல் பார்த்துச் செய்ததால் இரண்டும் பொருந்திவிட்டன. ஆண்டுதோறும் கேனுக்குப் பெயிண்ட் அடித்தவர் மூடியை மட்டும் ஏன் துணியில் சுற்றி வைத்தார் என்பது இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கேன்களை அடையாளம் காணத் தெரிந்தவன் என்று வந்த நானும் உடம்பைத்தான் முதலில் பார்த்தேன்.

ஆரோக்கியராஜ் மூடியை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க கேனுக்கு மூடி இல்லைன்னீங்களே தம்பி."

"ஆமாங்க."

"இதை என்னால குடுக்க முடியாது."

"தெரியுங்க. நான் கேட்கலைங்க."

ஸ்டெல்லா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "ஒழுகாதுன்னு சொல்வாரே, ஒழுகுதான்னு பாத்துரலாம்" என்று குழாயைத் திறந்துவிட்டார். கேனை நிரப்பி, மூடியை மாட்டி, படுக்க வைத்தோம். நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு வரவில்லை. ரயில் பிரேக் குழாய் ரப்பரில் வாஷர் வெட்டிப் போட்டிருப்பதாக ஆரோக்கியராஜ் சொன்னார்.

தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம் என்றார்கள். அவர் ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்தார். மற்றதைப் பிடிக்க நான் குனிவதற்குள், "நக்கோ தம்பி, வேண்டாம், நீங்க இருங்க" என்று ஸ்டெல்லா பிடித்துவிட்டார். இருவரும் ஒரே சீராக அடியெடுத்து வைத்து, முற்றத்தைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வரும்போது கேன் காலி, ஒருவரே தூக்கலாம். ஆனாலும் இருவர் கையும் அதில் இருந்தது. "வினி, கார்ல துணி விரிச்சு வை. உன் பால்கனியில இடம் இருக்குல்ல?" என்றார் ஸ்டெல்லா.

வெள்ளிக்கிழமை ரயில் கிளம்பியபோது பெட்டி என்ன நிறம் என்று முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தேன். வழியெல்லாம் பருத்திக் காடு மறுபடியும் வந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மாடியேறினேன். என் ஜெர்மன் கேன் துணியடைத்த வாயோடு அப்படியே நின்றது. "மூடி கிடைச்சுதா?" என்று மனைவி கீழிருந்து கேட்டாள்.

"கிடைச்சுது. கொண்டாப்பூர்ல, எட்டாவது மாடியில இருக்கு" என்றேன்.