இல்லாத கம்பத்தைச் சுற்றி ஒரு கோல்

கால்பந்து டீமில் மாலிஷ்காரன் வேலை என்பது, யாராவது விழ மாட்டார்களா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே நின்று, விழுந்ததும் "அய்யோ பாவம்" என்று கத்திக்கொண்டு ஓடுகிற வேலை.

நான் முப்பத்தொரு வருஷமாக ஓடுகிறேன். ஒரு கையில் ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் ஸ்ப்ரே. ஸ்ரீராம்புரத்தில் 'ஐஸ் நைனா' என்று கேட்டால் நாலு தெருவுக்குத் தெரியும். ஐந்தாவது தெருவில் என் வீடு. அங்கே யாரும் மதிப்பதில்லை. சம்பளம் இல்லாத ஏதோ ஒரு வேலைக்கு உயிரைக் கொடுத்து, வீட்டில் திட்டு வாங்குகிற வாசகர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. எங்கள் சி டிவிஷன் டீம், கோப்பைப் போட்டியில் பெரிய கம்பெனி ஒன்றின் சூப்பர் டிவிஷன் டீமோடு மோதிய சனிக்கிழமையைப் பற்றி ஊரில் கண்டபடி பேசுகிறார்கள். எல்லாம் கட்டுக்கதை. உண்மையை மட்டும் சொல்ல நான் ஒருத்தன்தான் பாக்கி.

பக்கத்து விரல்

தாசு எங்கள் கோல்கீப்பர். வயது முப்பத்தெட்டு. அடுகோடி பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். கோப்பையின் முதல் சுற்றில் நாங்கள் ஜெயித்தோம், ஆனால் அவனுடைய இடது கைச் சுண்டு விரல் பிசகிவிட்டது. நான் ஓடிப்போய் ஒரே இழுப்பு இழுத்தேன். 'டக்' என்று சத்தம். எலும்பு பிடிக்க என்னை விட்டால் கர்நாடகத்திலேயே ஆள் கிடையாது என்று நான் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே தாசு அலறினான். நான் இழுத்தது மோதிர விரலை. அது நன்றாகத்தான் இருந்தது, நான் தொடுகிற வரைக்கும்.

ஆட்டோவில் கிளட்ச் இடது கையில். ஒன்பது நாள் வண்டி வாசலிலேயே நின்றது. பத்தாம் நாள் அவன் மனைவி விமலா நேராக கிளப் ரூமுக்கே வந்துவிட்டாள். விமலா தையல்காரி, எங்கள் ஜெர்ஸி, டவுசர் எது கிழிந்தாலும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தானாக எழுந்து நின்றார்கள். "இந்தக் கோப்பையில என்னிக்குத் தோக்கறீங்களோ அன்னியோட இவரு ஆட்டத்தை விட்டுடணும். எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணுங்க" என்றாள். தாசு செய்தான். பதினெட்டு வயதிலிருந்து கோல் காக்கிறவன். மூலையில் உட்கார்ந்து கிளவுஸ் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான்.

அடுத்த சுற்றில் யாரோடு ஆட்டம் என்று விமலா கேட்டாள். கம்பெனி டீம் பெயரைச் சொன்னோம். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்போ சனிக்கிழமை அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவாரு. வரும்போது அவரையே பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க நைனா."

பின் கேட்

கம்பெனி டீம் ஏசி பஸ்ஸில் வந்தது. அவர்களுடைய மாலிஷ்காரர் லேப்டாப் வைத்திருந்தார். காலைப் பிடிக்க லேப்டாப் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாங்கள் வந்தது குட்டி யானையில், காய்கறி இறக்கிவிட்டு வந்த வண்டி. ஜெர்ஸி மூட்டை கிழிந்துபோயிருந்ததால், எங்கள் ரைட் விங்கர் இர்ஃபான், பிரேசர் டவுனில் தான் வேலை செய்யும் பிரியாணிக் கடையிலிருந்து ஒரு அண்டாவைக் கொண்டுவந்து எல்லா ஜெர்ஸியையும் அதற்குள் திணித்திருந்தான். அண்டாவைக் கழுவியிருந்தார்கள் என்றுதான் சொன்னான். ஆனால் அன்றைக்கு எங்கள் ஆட்களை நெருங்கியவர்களுக்கெல்லாம் பசி எடுத்தது. முதல் பாதியிலேயே கம்பெனி டீமின் வேகம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

ஸ்டேடியம் வாசலில் வாட்ச்மேன் வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், குனிந்து மோந்தும் பார்த்தார். "கேட்ரிங்தானே குரு? பின் கேட்ல போங்க, இது டீமு வர்ற டைமு."

இல்லாத கம்பம்

எங்கள் சொந்த மைதானத்தை மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வலது பக்கம், கார்னர் கொடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கரன்ட் கம்பம் நிற்கிறது. ஓரத்தில் இல்லை, ஆடுகளத்துக்கு உள்ளேயே. இர்ஃபான் அந்தப் பக்கத்தில் பதினோரு வருஷமாக ஓடுகிறான். முதல் வாரத்தில் மூன்று தடவை அதில் மோதினான். நாலாவது தடவை கம்பமே பயந்து கொஞ்சம் நகர்ந்துகொண்டது. நம்பாதவர்கள் நேரில் வந்து பாருங்கள், இன்னும் சாய்ந்தே நிற்கிறது. அதற்கப்புறம் இர்ஃபானின் கால் பழகிவிட்டது. பந்தோடு பறந்து வருவான், அந்த இடம் வந்ததும் தோளைச் சாய்த்து உள்பக்கமாக ஒரு வளைவு, கம்பத்தைத் தாண்டியதும் மறுபடி நேர் ஓட்டம்.

ஸ்டேடியத்தில் ஏது கம்பம்? பச்சை ஜமக்காளம் விரித்த மாதிரி புல். ஆனால் இர்ஃபானின் காலுக்கு அதை யார் சொல்வது? இருபதாவது நிமிஷம் பந்தோடு பறந்தான். சரியாக அந்த இடத்தில் தோளைச் சாய்த்தான், இல்லாத கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். அவனைத் துரத்தி வந்த லெஃப்ட் பேக், எதிரே ஏதோ இருக்கிறது போல என்று பதறி, தானும் விலகப்போய்க் கால் பின்னி விழுந்தான். அவன்மேல், கோலுக்கு முன்னால் தடுக்க நின்ற ஸ்டாப்பர் விழுந்தான். இருவரையும் பார்த்துக் கோல்கீப்பர் வாயைப் பிளந்து நின்றபோது பந்து வலைக்குள் போய்விட்டது. ஒன்று–பூஜ்யம்! முதல் பாதியில் இன்னும் மூன்று முறை இர்ஃபான் அதே கம்பத்தைச் சுற்றினான், மூன்று முறையும் யாராவது விழுந்தார்கள்.

மூன்றாவது முறை ஒரே சமயத்தில் இரண்டு பேர் விழுந்ததால் அவர்கள் மாலிஷ்காரர் ஒருத்தரைக் கவனிக்கப் போய்விட்டார். பாவமே என்று லெஃப்ட் பேக்குக்கு நான் ஸ்ப்ரே அடித்தேன். பையன் என் சட்டைக் காலரைப் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தான். "அங்கிள், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த இடத்துல என்ன இருக்கு?"

போனால் வராத பந்து

எங்கள் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள் ஒருவரின் காம்பவுண்டு. பந்து கோலுக்கு மேலே போனால் அவர் வீட்டுக்குள் விழும். விழுந்தால் விழுந்ததுதான், திரும்பி வராது. அதனால் தாசுவுக்கு ஒரு பழக்கம்: கோலுக்குள் வருகிற பந்தை மட்டுமல்ல, மேலே போகிற பந்தையும் விடமாட்டான்.

இரண்டாம் பாதியில் கம்பெனி டீம் வெறிகொண்டு அடித்தது. பாதிப் பந்து கோலுக்கு மேலே போனது. வேறு எந்தக் கோல்கீப்பராக இருந்தாலும் போகட்டும் என்று இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பான். தாசு ஒவ்வொன்றையும் தாவித் தாவிப் பிடித்தான். ஒரு பந்தை கிராஸ்பாரில் கால் வைத்து ஏறிப் பிடித்தான் என்று லைன்ஸ்மேன் சொல்கிறார். அது மிகை. நான் பார்க்கும்போது அவன் கிராஸ்பாருக்கு மேலே தனியாக நின்றுகொண்டிருந்தான். அடித்தவர்களுக்கோ மனசு விட்டுப்போனது. வெளியே போகிற பந்தையே விடாதவன் உள்ளே வருவதையா விடப்போகிறான்?

ரெஃப்ரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஏன்ரீ, வெளியே போற பாலை எதுக்குப் புடிக்கிறீங்க? விட்டா நான் கோல்கிக் தரமாட்டேனா?" தாசு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நீங்க தருவீங்க சார், அந்தாளு தரமாட்டாரு."

மேனேஜர் போன்

குணா எங்கள் ஸ்டாப்பர். வாணியம்பாடிப் பையன், ஐடி கம்பெனியில் வேலை. அன்றைக்கு அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகக் கணக்கு. போனை என் பாக்கெட்டில் போட்டு, "அடிச்சா மட்டும் எடுக்காதீங்க நைனா" என்று சொல்லிவிட்டுப் போனான். எதிரே கம்பெனி டீமின் வெளிநாட்டு ஃபார்வர்டு. ஆறரை அடி. அவன் தலைக்கும் தரைக்கும் வெவ்வேறு வானிலை. குணா ஐந்தரை அடி. இருந்தாலும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஹெட்டர்கூட விடவில்லை.

எழுபதாவது நிமிஷம் போன் அடித்தது. அடிக்கிற போனை எடுக்காமல் இருக்க நான் என்ன கல்லா? எடுத்தேன். "குணா எங்கே? சர்வர் டவுன்!" என்று மேனேஜர் கத்தினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். "சார், குணா இப்போ ஒரு ஆறரை அடி ஆளோட தலைக்கு மேல இருக்காரு" என்றேன். மேனேஜர் எழுந்துபோய் ரூம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "எந்த கிரவுண்டு? ஸ்கோர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அப்படியே வர்ணனையும் கொடுத்தேன், கொஞ்சம் மசாலா தூவி. மனுஷன் போனை வைக்கவே இல்லை.

எண்பத்தெட்டாவது நிமிஷம். ஒரே ஒரு முறை குணா வழுக்கினான். ஆறரை அடி எழும்பியது, பந்து தாசுவின் விரல் நுனியைத் தாண்டி வலைக்குள். ஒன்று–ஒன்று. கோல் போய்விட்டது என்று போனில் சொன்னேன். மறுமுனையில் மேஜையில் குத்துகிற சத்தம் கேட்டது. "சர்வர் கிடக்கட்டும் சார், அந்த நெட்டையனுக்கு ரெண்டு ஆள் போடச் சொல்லுங்க!"

ஐந்தாவது பெனால்டி

எக்ஸ்ட்ரா டைம் கிடையாது, நேரே பெனால்டி. தாசுவின் ஆட்ட வாழ்க்கை இப்போது ஐந்து உதையில் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் ஐந்தையும் உள்ளே போட்டார்கள். அவர்கள் நாலு அடித்தார்கள், நாலும் கோல். நாலுக்கும் தாசு தப்பான பக்கமே பாய்ந்தான். ஐந்தாவதை அடிக்க வந்தது ஆறரை அடி. தடுத்தால் ஜெயம். விட்டால் இன்னும் இழுக்கும், அதற்கு எங்களிடம் காலும் இல்லை, என்னிடம் ஐஸும் இல்லை.

விமலா இடைவேளையிலேயே கேலரிக்கு வந்துவிட்டாள். ஆட்டம் பார்க்க இல்லை, ஆளைக் கையோடு கூட்டிப்போக. நாலாவது கோல் விழுந்ததும் தாசு எழுந்து நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டான். அன்றைக்கு கிளப் ரூமில் செய்த மாதிரியே கிளவுஸ் பட்டையைப் பிரித்தான், ஒட்டினான், மறுபடி பிரித்தான். அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேலரிப் படிகளில் தடதடவென்று இறங்கி, கோலுக்குப் பின்னால் இருந்த கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் ஓடினேன். அவள் பந்தைப் பார்க்கவில்லை, தாசுவைப் பார்க்கவில்லை, ஃபார்வர்டின் இடுப்பையே பார்த்தாள். அவன் ஓடி வரத் தொடங்கினான். விமலா அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "வலது! வலது பக்கம் பாயுங்க!"

ஸ்டேடியத்துக்கே கேட்டது. தமிழ் தெரியாத ஒரே ஆள் பந்தை அடிக்கிறவன்தான். தாசு பாய்ந்தான், இடது பக்கம். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பந்தும் இடது பக்கம்தான் வந்தது! 'பட்' என்று உள்ளங்கையில் பட்டு வெளியே தெறித்தது. அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. நான் குட்டிக்கரணம் அடித்ததாகச் சொல்கிறார்கள். எத்தனை என்பதில்தான் கருத்து வேறுபாடு. இர்ஃபான் அண்டாவைத் தட்டினான், பின் கேட்டைக் காட்டிய வாட்ச்மேன் அதற்கு ஆடினார். தாசு எழுந்திருக்காமல் புல்லில் கிடந்தபடியே சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான்.

மூச்சு வந்ததும் விமலாவைக் கேட்டேன், "எந்தப் பக்கம்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நாலு பேரு அடிச்சதைப் பார்த்தேன் நைனா. எந்தப் பக்கம் அடிக்கப் போறானோ அந்தப் பக்கம் டவுசர் துணி முதல்லயே சுருங்குது. துணியைப் பார்த்துதானே நான் சோறு திங்கறேன்?"

"இடதுன்னு தெரிஞ்சும் வலதுன்னு ஏன் கத்தினே?"

விமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பதினாலு வருஷத்துல நான் சொன்ன பக்கம் இவரு ஒருநாளாவது போயிருக்காரா?"

கால்பந்து பதினோரு பேர் ஆடும் ஆட்டம் என்று எழுதி வைத்தவர் நிச்சயம் கல்யாணம் ஆகாதவராகத்தான் இருந்திருப்பார்.