டொக்டர் பிள்ளை கேட்கப் பழகிய கேள்வி

சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டிய தடித்த இங்கிலீசுப் புத்தகங்களோடுதான் டொக்டர் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் பண்டத்தரிப்பில் பெரிய டொக்டர் ஒருவர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். அவரிடம் குடும்ப வைத்தியம் பழக அரியாலையிலிருந்து வந்த பொம்பிளைப்பிள்ளை அது. டிஸ்பென்சரிக்குப் பக்கத்து வீடு என்பதால் எங்கள் முன்னறையைக் கொடுத்தோம். கரண்ட் இல்லாத காலம். பகல் முழுக்க நோயாளர், இருட்டுகிற மம்மல் பொழுதில் ஜாம்போத்தலில் திரியிட்ட விளக்கடியில் புத்தகம். சாப்பிடு என்று சொன்னால்தான் சாப்பிடும். சோதனையில் தேறவேண்டுமே என்ற பயம் அதன் முகத்தைவிட்டுப் போனதில்லை. நான் சாமிக்கு விளக்கு வைக்கும்போது அதன் பெயரையும் சொல்லிக் கும்பிடுவேன். எட்டாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு நீரிழிவு. அவரைப் பார்க்கிற பொறுப்பைப் பிள்ளையிடம் பெரிய டொக்டர் விட்டிருந்தார். "குளிசையை ஒருநாளும் விடக்குடாது, அண்ணை" என்று பிள்ளை கண்டிப்பாய்ச் சொல்லும். "ஓம் பிள்ளை, சத்தியமா" என்பார் இவர்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியதுதான் பிழையாய்ப் போயிற்று. கந்தசட்டி வந்தது. முருகனுக்காக ஆறு நாளும் பின்னேரம் பாலும் பழமும் மட்டும் எடுக்கிற விரதம். குளிசை மருந்துதானே, சாப்பாட்டில் சேராதே என்று, விடிய அதை மட்டும் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போவார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஒருநாள் கோயிலால் வந்தவர் வேர்த்து ஒழுக முற்றத்தில் சரிந்தார். நாக்குக் குழறியது. என் குரலுக்குப் பிள்ளை ஓடி வந்தது.

"காலமை என்ன சாப்பிட்டவர், அக்கா?"

"விரதமெல்லே, பிள்ளை."

அதன் முகம் வெளிறிப் போயிற்று. வெறும்வயிற்றுக் குளிசையால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே சீனியைக் கரைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துப் பருக்கியது. கண் தெளிந்ததும் இவர் கேட்டது இதைத்தான்: "சீனித்தண்ணி ஆர் பருக்கினது?"

"நான்தான், அண்ணை."

"என்ரை விரதம் முறிஞ்சுபோச்சே! அந்தப் பாவம் உமக்குத்தான்."

பகிடியாகத்தான் சொன்னார். பிள்ளை அறைக்குள் போய்விட்டது. நான் எட்டிப் பார்த்தபோது புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வீட்டை போறன், அக்கா. நானும் சைவப்பிள்ளைதானே, சட்டி வாறது எனக்குத் தெரியாதே? விரதம் பிடிப்பியளோ எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இந்தப் படிப்பு எனக்குச் சரிவராது."

தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிய இவரைக் காணவில்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு டிஸ்பென்சரியில் நோயாளர் குந்துகிற வாங்கில் முதல் ஆளாய்ப் போய் இருந்திருக்கிறார். பெரிய டொக்டர் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. "என்னைப் பாக்கிறது எங்கடை பிள்ளை. அது வருமட்டும் இருக்கிறன்." ஆள் வந்து சொல்ல, வீங்கிய கண்ணோடு பிள்ளை போயிற்று. நானும் பின்னால் போனேன்.

"நீர் போனா நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? மிச்சச் சட்டிக்கு என்ன செய்யிறது, அதைச் சொல்லும்" என்றார் இவர்.

பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வெள்ளிக்கு என்ன, பிரதோஷத்துக்கு என்ன, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாய்க் கேட்டது.

"முருகனோடை நான் சண்டைக்கு வரேல்லை, அண்ணை. விரத நாளுக்குக் குளிசையை மாத்தித் தாறன். ஆனா தலை சுத்தினா உடனை சீனித்தண்ணி. பாவத்தை நான் பொறுக்கிறன்."

"அப்ப சரி."

அன்று பின்னேரம் புத்தகக் கட்டு அவிழ்ந்தது. அதன்பிறகு வந்த நோயாளர் எல்லோரிடமும் முதலில் விரதம் பற்றித்தான் கேட்கும். சனம் 'விரத டொக்டர்' என்று பட்டம் வைத்தது. படிப்பை முடித்துக்கொண்டுதான் பிள்ளை எங்கள் வீட்டை விட்டுப் போனது.

இப்போது இவரும் இல்லை. என் தங்கையின் மகள் வெளிநாட்டில் அதே குடும்ப வைத்தியம் பழகுகிறாள். போன கிழமை, தனக்கு இந்தப் படிப்புச் சரிவராது என்று போனில் அழுதாள். "உங்கடை வீட்டிலை இருந்த அந்த டொக்டர் அக்கா என்ன புத்தகம் படிச்சுத் தாக்குப் பிடிச்சவ, பெரியம்மா?" என்று கேட்டாள். புத்தகம் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சை ஆர் பெரியம்மா விரதம் பிடிக்கினம்?"

"கேட்டாத்தானே, பிள்ளை, தெரியும்" என்றேன்.