அவுட்டண்ணனின் பலகை

அந்த அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அவுட்டண்ணன், முகத்துக்கு நேரே வெறும் அண்ணன். அதிகாரியின் அறை வாசலில் ஒரு முக்காலி, முப்பத்தோரு வருடமாக அதன்மேல் அவர், அவர் தலைக்கு மேலே ஒரு மரப்பலகை. பலகையில் அதிகாரியின் பதவி எழுதியிருக்கும். பக்கத்தில் நகர்த்துகிற மாதிரி ஒரு சின்னக் கட்டை. இப்படித் தள்ளினால் ‘இன்’ தெரியும், அப்படித் தள்ளினால் ‘அவுட்’ தெரியும். எழுத்துக் கூட்டாமல் அவருக்கு வாசிக்க வந்த இங்கிலீஷ் இந்த இரண்டுதான்.

இன் என்றால் உள்ளே என்றுதான் அவரும் நினைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்போது அது இடுப்போடு நின்றது. பிறகு அதிகாரியின் மேசைமேல் இன் ட்ரே என்று ஒரு தட்டு வந்தது. அதில் விழுந்த கடிதம் வெளியே வந்தால் அதிர்ஷ்டம். அதிகாரி லீவு போட்டால் இன்சார்ஜ் என்று ஒருவர் வந்து உட்கார்ந்து, எதிலும் கையெழுத்துப் போடாமல் எழுந்து போவார். வாசலில் இன் கேட் உண்டு, வண்டிகள் வெளியே போவதெல்லாம் அது வழியாகத்தான். ஆளாளுக்கு இழுக்கிற பக்கமெல்லாம் போகிற சொல் இது என்று அவருக்கு மெல்ல விளங்கியது.

அவர் தலைக்கு மேலிருந்த பலகையில் அதன் பொருள் இன்னும் எளிது: ஐயாவுக்கு உங்களைப் பார்க்க மனசு இருக்கிறது. மனசு இல்லாவிட்டால் மணி இரண்டு தரம் அடிக்கும். அவர் எழுந்து கட்டையை அவுட் பக்கம் தள்ளிவிட்டு உட்காருவார். காருக்கும் அறைக்கும் நடுவே கட்டிடத்தின் பின்பக்கமாக ஒரு சந்து இருந்ததால், பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு ஐயா வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. டீயும் அந்தச் சந்து வழியாகத்தான் போகும்.

முப்பத்தோரு வருடத்தில் ஏழு அதிகாரிகள் மாறிவிட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் இடுப்பு கழன்றதுதான் மிச்சம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஒரு வார்த்தை பேசத் தெம்பு இருக்காது. மாடியில் தனியாக இருக்கும் கிழவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இறங்கிவந்து, தன் மூத்திரப்பை ஆபரேஷனை முதலிலிருந்து சொல்வார். அவர் கதவைத் தட்டினால் இவர் மனைவியிடம் கையை ஆட்டுவார். அவள் கதவை ஒரு சாண் திறந்து, அவர் வெளியே போயிருக்காரு என்பாள். வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான்.

இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு என்கிற நிலையில்தான் அந்த டீச்சர் வந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் நாலு மணி நேரப் பயணத்தில். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. புருஷன் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது, யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு. உள்ளூர்ப் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மாறுதல் தாளில் ஐயா கையெழுத்துப் போட்டால் அந்த இடம் அவளுக்கு. தவறினால் அடுத்த வருடம்தான்.

ஐயா கெட்டவரில்லை. போட்ட கையெழுத்துக்கு யாராவது விளக்கம் கேட்பார்கள், போடாத கையெழுத்தை எவனும் கேட்கமாட்டான், அவ்வளவுதான் அவர் கணக்கு. வெள்ளி தாண்டட்டும், அதுவரை நான் இல்லை என்று தலைமை குமாஸ்தாவிடம் சொன்னதை, டீ கொண்டுபோன அண்ணன் தன் காதாலேயே கேட்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் லீவு போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அண்ணனிடம் எரிந்து விழுவார்கள், உள்ளேதான் இருக்கிறான், எங்களுக்குத் தெரியாதா என்பார்கள். அதெல்லாம் அவருக்குப் பழகிப்போனது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வப்போது தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள். படித்தவள், போட்டிருந்ததை நம்பினாள். அதுதான் அவரை அறுத்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

“நான் கிளம்புறேண்ணே. எங்க வீட்டுக்காரர்கூட இருக்கிற பக்கத்து வீட்டம்மா நாலரைக்குப் போயிடுவாங்க. மூணு நாளா எனக்காக நீங்களும் போர்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஐயா வரலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.”

அண்ணன் எழுந்தார். கட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கம் போய்ப் பல நாள் ஆனதால் அது கிரீச்சென்று முனகிக்கொண்டு நகர்ந்தது. ‘இன்’ தெரிந்ததும் பெஞ்சு மொத்தமும் எழுந்தது. பதினோரு பேர் முண்டியடித்துக்கொண்டு கதவைத் தள்ளினார்கள். டீச்சர் வழக்கம்போலக் கடைசியில் நின்றாள். அவர் அவள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டீ போகிற சந்து வழியாக ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஐயாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எதிரே பதினோரு பேர், நீங்கள் உள்ளேயா இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“நான் இருக்கும்போது அவுட்னு போட்டது யாருய்யா?”

அண்ணனுக்குப் பதில் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அந்தப் பேனா திறந்திருக்காது.

“நான்தாங்கய்யா. கவனிக்காமப் போட்டுட்டேன். இந்த டீச்சருக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வேணுங்கய்யா.”

ஐயா எல்லோரும் பார்க்கும்படி தாளை வாங்கினார். இந்த மாதிரி ஆட்களால்தான் எனக்குக் கெட்ட பேர் என்று பெஞ்சுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மணி நாலு பத்து.

வெளியே வந்ததும் டீச்சர் தாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“மூணு நாளாவாண்ணே கவனிக்கலை?”

“ஆமாம்மா.”

அவள் கண் கலங்கியது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஐந்து மணிக்குத் தலைமை குமாஸ்தா வந்து, திங்கள் முதல் அண்ணனுக்குக் கீழ்த்தளத்து ரிக்கார்டு அறை என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே பலகையும் கிடையாது, பெஞ்சும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணீர் இரண்டு நாளாக அவரைவிட்டுப் போகவில்லை. கதவு தட்டப்பட்டது. மாடிக் கிழவரின் செருமல். கை ஆடுமா என்றுகூடப் பாராமல் மனைவி போய் ஒரு சாண் திறந்தாள்.

“அவர் வெளிய போயிருக்காருங்க.”

“சரிம்மா, வந்தா சொல்லு” என்றார் கிழவர். நம்பிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் நம்பியிருப்பார் என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது. கிழவரின் கைத்தடி முதல் படியில் ஏறுகிற சத்தம் கேட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“உள்ளதான் இருக்கேன், வாங்க” என்றார்.

மனைவி அவரை முறைத்தாள். கிழவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆபரேஷனை முதலிலிருந்து ஆரம்பித்தார்.