எல்லைக்கு உள்ளே ஒரு டிரம்மர்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில், அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் பாகங்களை விளக்கடியில் பிடித்து, கீறல் இருக்கிறதா, விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கண்ணுக்கு நன்றாகத் தெரிவதை நம்பாதே என்பதுதான் அங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அதைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது முடிவதில்லை. கடையில் தேத்தண்ணீர் வந்தால்கூடக் கோப்பையின் விளிம்பைத்தான் முதலில் பார்ப்பேன். இப்படிப்பட்டவன் ஒரு ராக் பேண்டில் சேர்ந்திருக்கவே கூடாது.

நாங்கள் மூன்று பேர். மூவரும் மந்தினுக்கு உள்ளே இருக்கும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் ஒருவன். சிரம்பானில் காரோட்டிப் பிழைக்கிறான், ஒரு பயணியை இறக்கி அடுத்தவரை ஏற்றுவதற்குள் பாட்டு எழுதிவிடுவான். டிரம்மருக்கு மந்தினில் டயர் கடையில் வேலை. நான் பேஸ் கிட்டார். நானும் பாடகனும் குடும்பத்தோடு வெளியே தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டோம். டிரம்மர் மட்டும் இன்னும் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறான்.

பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்த இடம் ஆயாக்கொட்டகை. முன்பு தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில், பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கொட்டகை அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருக்கின்றன. அவற்றில்தான் ஒயர்களை மாட்டினோம். தோட்டத்துக் கோயில் தலைவர் சாவியைக் கொடுத்தார். கொடுத்த கையோடு வாரம் ஒருமுறை வந்து மூலையெல்லாம் மோந்தும் பார்த்தார்.

அவர் மட்டுமில்லை. கறுப்புச் சட்டை போட்ட மூன்று ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டால் தோட்டம் என்ன நினைக்கும்? போதை மருந்து என்றார்கள் சிலர். பேய் பூசை என்றார்கள் சிலர். ஒருநாள் ரோந்து போலீஸ்கூட வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னார்கள், வாசித்தோம். பாதிப் பாட்டிலேயே ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்பது எங்கள் கொள்கை. அதனால் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பது அதன் விளைவு. எங்களிடம் இருந்த ஒரே தனிச்சரக்கு டிரம்மரின் அடி. அவன் முன்பு கோயில் உருமிக் குழுவில் இருந்தவன். அருள் வருகிற நேரத்தில் உருமிக்காரர்கள் சட்டென்று எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி இறங்கி அடிப்பார்கள். அந்த நிறுத்தத்தை அவன் அப்படியே எங்கள் மூன்றாவது பாட்டுக்குள் கொண்டுவந்தான். எத்தனை முறை வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றுக்குள் ஒரு படி தவறினாற்போல் இருக்கும்.

கெமாஸில் ஒரு கல்யாண விருந்தில், மாப்பிள்ளை எங்கள் கூட்டாளி என்பதால், அந்தப் பாட்டைத் துணிந்து வாசித்தோம். நிறுத்தம் வந்தது. மறுபடி அடி விழுந்தது. பெண்ணின் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. பட்டுப்புடவையோடு எழுந்து ஆடினார். யாரோ விபூதிக்கு ஓடினார்கள், சமையல்காரர் சாம்பிராணிக் கரண்டியோடு வந்தார். அத்தை மலையேறும்வரை பாட்டை நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. அதன்பிறகு ராக் கேட்பவர்கள் எங்களைக் கோயில்காரர்கள் என்றார்கள், கோயில்காரர்கள் பேய்க்கூட்டம் என்றார்கள்.

கோலாலம்பூரில் திறந்த வெளியில் பல பேண்டுகள் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று நடக்கும். அதில் ஏறிவிட்டால் பிறகு யாரிடமும் எங்களை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நம்பினோம். இரண்டு முறை மனுப்போட்டு இரண்டு முறையும் ஒதுக்கப்பட்டோம். மூன்றாவது முறை எடுத்துக்கொண்டார்கள். பாடகன் நடுவழியில் காரை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்து அழுதான். டிரம்மர் கையெடுத்துக் கும்பிட்டான். அதை அப்போதே நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதன்பிறகுதான் அவன் போக்கு மாறியது. பயிற்சி முடிந்ததும் மூவரும் மந்தின் கடையில் கோழிச் சோறு சாப்பிடுவது வழக்கம். வயிறு சரியில்லை என்று அவன் நழுவினான். அடுத்த வாரமும் வயிறு சரியில்லை. பீர் வேண்டாம் என்றான். தாடி வளர்ந்தது. விரதமா என்று கேட்டிருக்கலாம்; தமிழன் எவனும் அதைத்தான் முதலில் கேட்பான். எனக்கு வேறு கணக்கு ஓடியது. கோலாலம்பூர் பேண்ட் ஒன்றின் டிரம்மர் வெளிநாடு போய்விட்டதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேண்டுக்காரன் ஒருவன் சிரம்பான் காப்பிக் கடையில் நாங்கள் வாசித்தபோது வந்து, எங்கள் டிரம்மரை மட்டும் தனியே கூப்பிட்டு நம்பர் வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பேண்டுக்காரனுக்கும் இதே தாடி. அதே மேடையில் அவர்களும் வாசிக்கப்போகிறார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது. டயர் கடைக்குப் போய்க் காற்றடிக்கிற சாக்கில் விசாரித்தேன். நிகழ்ச்சி வருகிற வாரம் முழுக்க அவன் லீவு கேட்டிருக்கிறான் என்றார் கடை முதலாளியான தவுக்கே. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு எதற்கு ஒரு வார லீவு? புதிய பேண்டோடு பயிற்சி எடுக்கத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். நேராகக் கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று சிம்பலைத் துடைத்தான். பாடகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை என்றான். ஆனால் சிரம்பானில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொன்னான். அவன்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

நிகழ்ச்சி வாரத்தின் முதல் நாளே, என்னால் கோலாலம்பூர் வர முடியாது என்று டிரம்மரிடமிருந்து செய்தி வந்தது. காரணம் எதுவும் இல்லை. வேலை முடிந்த கையோடு மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவனை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வாயில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்து முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. கோயிலில் ஒலிபெருக்கி. மஞ்சள் வேட்டியும் வெறும் உடம்புமாக மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான் அவன். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்பு.

காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெண்டு தடவ நம்மள வேணாம்னுட்டாங்க. இந்தத் தடவ கெடச்சா காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்லா. கெடச்சிருச்சு" என்றான். வழக்கமாகத் திருவிழா இரண்டு மாதம் தள்ளித்தான் வரும். பள்ளி விடுமுறைக்குப் பொருந்தட்டும் என்று கோயில் நிர்வாகம் இந்த வருடம் முன்னால் இழுத்துவிட்டது. கேட்ட வரத்தை ஆத்தா கொடுத்துவிட்டாள். போய் அனுபவிக்கத்தான் வழி விடவில்லை.

அவிழ்த்து வைத்துவிட்டு ஒருநாள் வந்துவிட்டுப் போய்க் கட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன்.

"அது என்ன ஹெல்மட்டாலா?"

ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாதாம். அதிலும் உன்னிடம் சொன்னால் நீ சாமியையே விளக்கடியில் பிடித்துப் பார்ப்பாய் என்றான். அவன் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

நான் விடவில்லை. தலைவரிடம் போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விரதக்காரர்களில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பினால் இப்போதெல்லாம் கோயிலில் விட்டுவிடுகிறார்கள். காப்புக் கட்டியவனுக்கும் அதைப் போலப் பார்த்துச் செய்யக் கூடாதா என்று இறங்கிக் கேட்டேன். அவர் என் கறுப்புச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"அது வேலைக்குப் போறவனுக்கு, தம்பி. நீங்க போறது வேலையா?"

இத்தனை வருடம் ஆயாக்கொட்டகையில் வியர்வை சொட்ட வாசித்திருக்கிறோம். அதை வேலை என்று எங்கள் வீடுகளில்கூட யாரும் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை. நான் வந்த வழியே திரும்பி நடந்தேன்.

போக வேண்டாம் என்று பாடகனும் நானும் பேசிக்கொண்டோம். அவனில்லாமல் அந்த மூன்றாவது பாட்டு எங்களுக்கு எதற்கு? இதை டிரம்மரிடம் சொன்னபோதுதான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினான்.

"போங்கலா ரெண்டு பேரும். நான் பேண்டுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். எனக்குன்னு கேக்கல."

புறப்பட்ட அன்று காலையில் தன் ஸ்னேர் டிரம்மைத் துணியில் சுற்றிக் குழந்தைபோல் கொண்டுவந்து காரில் வைத்தான். பாடகன் சொன்ன அந்தச் சிரம்பான் டிரம்ஸ் ஆசிரியர் பின் இருக்கையில் இருந்தார். நிறுத்தத்தை அவருக்கு வாயாலேயே தாளம் போட்டுக் காட்டினான். பிறகு காரோடு கூடவே வெறுங்காலில் நடந்து வந்தான். செம்பனை மரங்கள் முடிந்து பெரிய சாலை தொடங்குமிடத்தில், வேப்பிலைத் தோரணத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான். சாலை வளையும்வரை நான் திரும்பிப் பார்த்தேன். எங்களோடு வராமல் போனதில் அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதியோ என்றுகூட யோசித்தேன். என் புத்தி அப்படி.

மேடையில் நாங்கள் ஏறியபோது வெயில் இன்னும் இருந்தது. தாடிக்காரப் பேண்ட் வேறு யாரையோ வைத்து வாசித்துவிட்டு இறங்கியது. டிரம்ஸ் ஆசிரியரிடம் ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நான் அவர் பக்கமே திரும்பி நின்று வாசித்தேன். குறை இல்லை. மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தது. நிறுத்தினார். ஒரு மூச்சு. கூட்டம் முழுவதும் அடங்கிவிட்டது. மறுபடி அடி விழுந்தபோது திடலே குதித்தது. எனக்கு மட்டும் வயிற்றுக்குள் எந்தப் படியும் தவறவில்லை. அழுகை வந்தது. பாடகன் அதை மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டான்.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு ஸ்னேரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆயாக்கொட்டகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தீ மிதித்த பாதத்தில் ஒரு கொப்புளமும் இல்லை. நான் பார்த்தேன். கூட்டம் எப்படி, சத்தம் எப்படி என்று எதுவும் கேட்கவில்லை அவன். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மூணாவது பாட்டுல, அந்த எடத்துல சரியா நிறுத்துனாரா?"

"இல்ல. சீக்கிரமா எறங்கிட்டாரு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. விளக்கடியில் பாகத்தைப் பிடித்து நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"கோயில் மண்டபத்துல ஒக்காந்து போன்ல பாத்தேன்லா. சரியாத்தான் நிறுத்துனாரு. நல்லா இருந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் ஸ்னேரை மடியில் வைத்து விளிம்பைத் தடவினான்.

"அடுத்த வருசத்துக்கு நீ வேண்டிக்க. மேடையில பேஸ் இல்லன்னா ஒருத்தனுக்கும் தெரியாது."

இருவரும் சிரித்தோம். தொட்டில் கொக்கிகள் ஆடும்படி சிரித்தோம். மோட்டாரில் செண்டாயானுக்குத் திரும்பும்போது பாதி வழியில்தான் தோன்றியது, அவன் அதைக் கிண்டலாகத்தான் சொன்னானா என்று.