கிரகணத்தன்று நான் மூடிவைத்த தட்டு

பிறைசூடிய பெருமானே, பிழை பொறுத்தருள்வாய்.

அன்று மாசி மகத் திருநாள். மலேசியாவில் எங்கள் கிள்ளான் நகரில் நிலவு உதிக்கும்போதே முழுக் கிரகணம் பிடித்துச் செம்பு நிறத்தில் எழுந்தது. இனிப்புநீர் நோயுள்ள என் மனைவி, வழக்கம்போல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சோற்றுத் தட்டுடன் அமர்ந்தாள். கிரகணம் விடுமுன் உண்ணலாகாது என்று கடிந்து, தட்டை வாங்கி மூடிவைத்தேன். பிறகு பால்கனியில் நின்று, சிவந்த நிலவைப் பார்த்தபடி பதிகம் பாடத் தொடங்கினேன்.

“என்னங்க, கை நடுங்குது,” என்றாள். பாட்டு முறியக் கூடாதென்று திரும்பாமலே கையமர்த்தினேன். இரண்டாம் முறை அழைத்தபோதும் அவ்வாறே செய்தேன்.

நாற்காலி சரிந்த ஓசை கேட்டு அடுத்த வீட்டு நர்ஸ் ஓடிவந்தாள். வியர்த்துத் துவண்டவளை நிமிர்த்தி, சீனித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டியபடியே சீறினாள்: “ஊசி போட்டவங்கள பட்டினி போடுவீங்களா அங்கிள்? சாமியா சாப்பிட வேணாம்னு சொன்னாரு? என்ன லா இது!”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், சற்றே தெளிந்த மனைவி முந்திக்கொண்டாள்: “அவரத் திட்டாதம்மா. நான்தான் சத்தமா கூப்பிடல.”

அது பொய். இரு முறையும் அவள் குரல் தெளிவாகவே என் காதில் விழுந்தது.

நிலவு அன்றே வெளுத்துவிட்டது. என் மீது எனக்குள்ள சினம் இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

இதைப் படிப்போர் யாவரும் வேளை தவறாது பசியாறி, நோயின்றி வாழ்க.