புத்தகத்தில் இல்லாத ரயில்

அந்த நாவலை வரவழைக்கச் சொன்னவள் நான்தான். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது என்று பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. ஒரு மாதமாக மேனாம்பேட்டில் எங்கள் தெருப் பெண்களிடம் அதைப் பற்றியே பேசினேன். அவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் எங்கள் கூடத்தில் வந்து உட்காருவார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் உரக்கப் படிப்பேன். நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

புத்தகம் வருவதற்கு முன்பே என் மாமியார் எச்சரித்திருந்தார். "இந்தப் பொஸ்தகமும் நல்லா இல்லன்னா, மத்தியானத்துல நெல்லு குத்தலாம்."

புத்தகம் வந்தது. கதாநாயகி, கைக்குழந்தைக்காரி, மூன்று நாட்களாக ஜன்னல் ஓரத்தில் நின்று பெருமூச்சு விட்டாள். யாரும் குறை சொல்லவில்லை. "கீது, கீது, நல்லாத்தான் கீது" என்று கொட்டாவி விட்டார்கள். நான்காம் நாள், வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்:

"இன்னா பொண்ணு, அவ இன்னும் ஜன்னலாண்டதான் நின்னுகினு கீறாளா? கால் வலிக்காது?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். என் குரல்தான் சரியில்லையோ, வேகமாகப் படிக்கிறேனோ என்று தவித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் ஜன்னல். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, அச்சில் இல்லாததைப் படித்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பிறந்த வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாள்.

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்படிப் போடு!" என்றார் அக்கா.

"மாமியாராண்ட கூடவா சொல்லிக்கல?" என்றார் என் மாமியார்.

மறுநாள் அக்கா தன் ஓர்ப்படியையும் கூட்டி வந்தார். "அந்த ரயிலு ஏறுற எடத்த இன்னொரு தபா படிம்மா. இவ கேக்கணும்."

எந்தப் பக்கம் என்று திறப்பேன்? ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினேன். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி தன் மாமியாரின் காலில் விழுந்து, உத்தரவு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாள் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நேத்து சொல்லாமக் கொள்ளாமப் போனாளே!" என்றார் அக்கா. படிக்காதவர்கள் ஒரு வார்த்தையையும் மறப்பதில்லை. அது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

மாமியார் எழுந்து வந்து குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ரெண்டுல எது பொஸ்தகத்துல கீது?"

இரண்டுமே இல்லை. நேற்று விட்ட ஜன்னல் பக்கத்தைத் தேடித் திருப்பினேன்.

"உள்ளத உள்ளபடி படி."

படித்தேன். அவள் ஜன்னல் ஓரத்தில் நின்றாள். அன்று யாரும் கேலி செய்யவில்லை. ஓர்ப்படிக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. அக்காவும் கூடவே எழுந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மாமியாரைத் தவிரக் கேட்க ஆளில்லாதபோதும் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்" என்றார் மாமியார். "நாளைக்கு நெல்ல எடுத்து வெயில்ல போடு."

"சரிங்க அத்தை" என்றேன்.